தப்பால் பையிலருந்து ஒரு புத்திமதி

வாடா பேராண்டி, இப்பிடி இஸ்தோப்புல ஒக்காரு. அந்தச் சார்ட் பேப்பரை மட்டும் தூக்கி வெய்யி, ஒங்க ஆச்சி இப்பத்தான் தரையக் கழுவுனா. கண்டி டவுன்ல ஓட்டல்ல வெச்சு செயலமர்வாம், நீதான் பேசப் போறியாம். ஒங்கம்மா லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறா. தலைப்பு என்னா? 'சமூகத்தில் அரச நிறுவனங்களும் அரச சார்பற்ற நிறுவனங்களும்'. அடேயப்பா! வாசிச்சு முடிக்கயிலேயே ஒரு பிளேன்டீ தேவைப்படுது.

நடுவுல ஒரு கோடு கிழிச்சிருக்க. எடது பக்கம் அரசு, வலது பக்கம் அரசு இல்லாதது. கோடு நல்லா நேரா இருக்குடா. இந்தக் கலஹாப் பக்கத்துல நேரா இருக்குற ஒரே சாமான் அதுதான். ரோடும் கோணல், லயத்துக் கூரையும் கோணல், ஒன் தாத்தன் முதுகும் கோணல்.

நான் படிச்சது அஞ்சாப்பு. ஆனா முப்பது வருசத்துக்கு மேல தோட்டத்துத் தப்பால்காரன். காலையில ஆபீஸ்ல தோல்பையை மாட்டுனா, தபால் கந்தோர் வரைக்கும் எறங்கி, கடுதாசிய வாங்கி, திரும்ப மலையேறி கிளாக்கரய்யா மேசையில கொட்டணும். எந்த நிறுவனம் என்னா செய்யும்னு ஒனக்குப் புஸ்தகத்தப் பாத்தாத் தெரியும். எனக்கு உறையத் தொட்டாத் தெரியும். பழுப்பா நீட்டமா வந்தா அரசாங்கம். 'அவசரம்'னு முத்திரை குத்தியிருந்தா, சொன்ன தேதி முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். கம்பெனி உறை வெள்ளை, முனை மடங்காது. தொழிற்சங்கத்து உறையில பசை நிக்காது, வழியில பத்துப் பேரு வாசிச்ச பொறகுதான் தலைவர் கைக்குப் போகும். ஒங்க மாதிரி அரச சார்பற்ற நிறுவனத்து உறை வந்தா புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும். வழவழன்னு கலர்ப் படம் போட்ட தாளு, கொப்பிக்கு உறை போட அதை அடிச்சிக்க ஒண்ணும் இல்ல. அந்தச் சேவைய நான் கொறைச்சே சொல்ல மாட்டேன்.

சரி, ஒரே ஒரு கேள்வி. புத்தரோட பல்லு இருக்குற தலதா மாளிகைய எந்தப் பக்கம் எழுதுவ?

சட்டுனு வலது பக்கம் போவாத. மாளிகைக்குப் பொறுப்பா தியவதன நிலமேன்னு ஒருத்தர் இருக்காருல்ல, பத்து வருசத்துக்கு ஒருக்கா அவரைத் தெரிவு செய்யுறாங்க. ஓட்டுப் போடுறது யாரு? மகாநாயக்க தேரருங்க, தேவாலயத்து நிலமேமாரு, விகாரைப் பொறுப்பாளருங்க, அவங்களோட சேந்து கண்டிச் சீமையில பௌத்தரா இருக்குற பிரதேச செயலாளருங்க. எடது பக்கம் மொத வரியிலயே 'பிரதேச செயலகம்'னு எழுதியிருக்கியே, அதே ஐயாதான். காலையில அஸ்வெசும உதவிப் பண லிஸ்டுல கையெழுத்து வெப்பாரு, தேர்தல் வந்தா மாளிகைக்கு ஓட்டும் போடுவாரு. அதுக்குன்னு 1931-லயே சட்டம் இருக்கு. இப்பக் கோட்டை எங்க கிழிப்ப? அவரு நெஞ்சுக்கு நடுவுலயா?

அதுக்கும் முந்தியே இந்தக் கூத்து. 1815 மார்ச் 2-ல கண்டிப் பிரதானிங்க வெள்ளைக்காரனுக்கு நாட்ட எழுதிக் குடுத்தப்ப, பௌத்த மதத்தையும் விகாரையையும் காப்பாத்துறோம்னு அவனும் எழுதிக் குடுத்தான். பைபிள் வெச்சிருக்கிற கையால புத்தரோட பல்லுக்குக் காவல். பாதிரிமாரு லண்டன் வரைக்கும் போயி சத்தம் போட்டாங்க. 1840-கள்ல மெதுவா கையக் கழுவிக்கிட்டான். கழுவுன பொறகு கோயில் காணிக் கணக்கெல்லாம் சிக்கலாப் போச்சு. அப்பறம் ஒரு சட்டம், அதத் திருத்த இன்னொரு சட்டம். விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டே வாலப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க பாரு, அதுக்குப் பேருதான் அரசாங்கம்.

பெரஹராவும் அப்பிடித்தான். ஆதியில அது நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினின்னு நாலு தேவாலயத்து ஊர்வலம். பத்தினின்னா யாரு, நம்ம கண்ணகி. 1753-ல சயாம் நாட்டுலருந்து பிக்குமாரு வந்தாங்க. அவங்க வந்த பொறகு கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க ராசா தலதாவ முன்னுக்கு விட்டாரு. ராசா எந்த வம்சம்? நாயக்கரு, தெக்குச் சீமைப் பரம்பரை. இதை செயலமர்வுல ரொம்ப அழுத்திச் சொல்லிப்புடாத, சாப்பாட்டு நேரம் தள்ளிப் போயிரும். அந்த ஊர்வலத்துல மேளம் அடிக்கிறவங்க, பந்தம் புடிக்கிறவங்க பல பேரு, பாட்டன் காலத்துலருந்து கோயில் காணிக்குப் பதிலா அந்த வேலையச் செய்யுறவங்க. ராஜகாரிய ஊழியத்தை வெள்ளைக்காரன் 1830-கள்ல ஒழிச்சான். கோயில் காணிய மட்டும் தொடல. பேரு அதவிட கெட்டி. இன்னைக்கும் சிங்களத்துல ஆபீஸ் வேலைக்கு ராஜகாரியம்னுதான் பேரு. கச்சேரியில போயி நீ வரிசையில நிக்கிறப்ப, 'மாத்தயா ராஜகாரியத்துல இருக்காரு'ன்னு சொன்னா டீ குடிக்கப் போயிருக்காருன்னு புரிஞ்சுக்க.

இப்ப நம்ம கதைக்கு வா. தோட்டம் எந்தப் பக்கம்? கம்பெனிதானே, வலது பக்கம்னு எழுதுவ. ஆனா நான் பொறந்ததத் தோட்டத் தொரை ஆபீஸ்லதான் எழுதுனாங்க. காச்சல் வந்தாத் தோட்டத்து டிஸ்பென்சரி, பால்குடிப் புள்ளைக்குப் புள்ளைக்காம்பரா, அஞ்சாப்பு வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம், சம்பளத்துல புடிச்சுக்கிட்டு அரிசி. தண்ணிக்கும் தொரை, தண்டனைக்கும் தொரை. இந்தத் தொரை ஆட்சி கோப்பிக் காலத்துல ஊனுனது. 1867-ல அந்தாண்ட லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போட்டாருல்ல, அதோட வேரு ஆழமாப் போயிருச்சு. வெளியில பாத்தாத் தேயிலை, உள்ளுக்குள்ள ஒரு குட்டி ராச்சியம்.

நெசமான ராச்சியம் என்னா செஞ்சுது? சுதந்திரம் வந்த அதே 1948-ல குடியுரிமைச் சட்டம் போட்டு, நம்ம சனத்த ஏட்டுலருந்து எறக்கி விட்டுச்சு. அப்ப நாங்க உசுரோட இருக்கோம்னு காட்ட இருந்த ஒரே தாளு தோட்டத்து வேலையாளுப் பேரு எழுதுற செக்ரோலு. அரசாங்கத்துக்கு நாங்க இல்ல, கம்பெனிக்கு இருந்தோம். அதுவும் காலையில பேரு குடுக்க பிரட்டுக்குப் போனாத்தான்.

1964-ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் கையெழுத்து வெச்சு, அஞ்சே கால் லச்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லச்சம் பேரு இங்கன்னு பிரிச்சாங்க. மிச்சப் பேரப் பத்திப் பொறவு பேசலாம்னு விட்டுட்டாங்க, நம்ம வீட்டுல பலாப்பழம் பிரிக்கயில கொட்டைய ஒதுக்கி வெப்போமே, அது மாதிரி. அதுக்கப்பறம் என் பை கனத்துப் போச்சு. கண்டி இந்திய உதவி ஹைகமிஷன்லருந்து வர்ற கடுதாசிய நான்தான் தூக்கிட்டு வருவேன். பணியலயத்துல எனக்கொரு கூட்டாளி. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் மலையேறி வர்றதப் பாத்தாலே கவ்வாத்துக் கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு ஓடி வருவான். 'வந்துருச்சா?' இல்லைன்னா சிரிப்பான். ஒருநா இருக்குன்னேன், சிரிக்கல. ஆட்ட வித்தான், ரெண்டு தகரப் பெட்டி வாங்குனான், தலைமன்னார் ரயில் ஏறுனான். அப்பறம் கூடலூர்லருந்து ஒரு கடுதாசி, அங்க யாரோ எழுதிக் குடுத்தது. நம்ம மாதிரி போனவங்களுக்குன்னே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968-ல தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, டான்டீன்னு பேரு. அதுல வேலையாம். 'இங்கயும் கொழுந்து, இங்கயும் பிரட்டு. தொரை மட்டும் சர்க்காரு ஆளு'ன்னு எழுதியிருந்தான். அத வாசிச்சிட்டு நான் சிரிச்சேன். அப்பறம் ஒரு வாரம் அந்தப் பக்கமே நடக்கல.

டீயக் குடி, ஆறுது.

இங்க மிஞ்சுனவங்களுக்கு எல்லாம் முடிஞ்சு குடியுரிமை முழுசா வந்து சேந்தது 2003-ல. அதுக்குள்ள தோட்டம் ரெண்டு தடவ பக்கம் மாறியாச்சு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல ராவோட ராவா வலது பக்கத்துலருந்து எடது பக்கம் வந்துச்சு. 1992-ல திரும்பக் கம்பெனி கைக்குப் போச்சு. கண்டி, மாத்தளைப் பக்கத்துல கொஞ்சத் தோட்டத்த மட்டும் அரசாங்கமே வெச்சுக்கிச்சு. ஆசையில இல்லடா, கெழட்டுத் தேயிலைய எடுக்க ஆளில்ல. அதே வருசந்தான் வீடு வாசல் பாக்கன்னு ஒரு நிதியம் போட்டாங்க. அந்தப் பென்ச்சுல அரசாங்கம், கம்பெனி, தொழிற்சங்கம் மூணும் ஒட்டி ஒக்காந்திருக்கும். அத எந்தப் பக்கம் எழுதுவ? கோட்டு மேலயே எழுது, மை காயுறதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சுப் போயிருவாங்க.

இப்ப ரோட்டுக் கதை. 1987-ல பிரதேச சபைச் சட்டம் வந்துச்சு. நாம ஓட்டுப் போடுறோம், நம்ம ஆளு உறுப்பினரா நாக்காலியில ஒக்காருறாரு. லயத்துக்குப் போற வழிக்கு ஒரு லோடு கல்லுப் போடுங்கய்யான்னா, சட்டப்படி முடியாதுங்கறாரு. தோட்டம் தனியார் காணி, சபைக் காசு உள்ள வரப்படாது. தொரைகிட்டப் போனா, ரோடு அரசாங்க வேலைங்கறாரு. ஓட்டுக்கு ஊராளு, ரோட்டுக்குத் தோட்டத்தாளு. வவுத்துப் புள்ளக்காரிய நாலு பேரு கம்பளியில தூக்கிட்டு எறங்குவாங்க, நானும் பையோட பின்னால நடந்துருக்கேன். அந்தச் சட்டத்தத் திருத்துனது 2018-ல. முப்பத்தோரு வருசம். இதுல வேடிக்கை, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒங்க கோடு சட்டத்துக்குள்ள போயி ஒக்காந்தா என்னா ஆகும்னு கேட்டா இதச் சொல்லு.

தொழிற்சங்கத்தப் பத்தி ரொம்பப் பேசி ஒடம்பக் கெடுத்துக்காத. அது வலது பக்கந்தான். ஆனா தலைவருமாரு மந்திரி ஆனாங்க, அப்ப எடது பக்கம். பல காலமா சந்தாவ யாரு வசூல் பண்ணுனா? கம்பெனியே நம்ம சம்பளத்துல வெட்டிக் குடுத்துச்சு. சண்டை புடிக்கிறதுக்கு உண்டான காச எதிராளியே எண்ணித் தந்தான், ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா? ஆயிரம் ரூவாச் சம்பளத்துக்கு வருசக்கணக்கா பேசி, கடைசியில 2021-ல சம்பள நிர்ணய சபைதான் வர்த்தமானி போட்டு அறிவிச்சுச்சு. எல்லாரும் நாங்கதான் வாங்கித் தந்தோம்னு மால போட்டுக்கிட்டாங்க. தராததுக்கு மட்டும் ஒருத்தரும் மால கேக்கல.

இப்ப ஒங்க ஆளுங்க. மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத, நல்லதும் சொல்றேன். கண்டியில 1972-ல சத்யோதயன்னு ஆரம்பிச்சாரு போல் கஸ்பர்ஸ் பாதிரியாரு. நாட்டுல பாதிப் பேரு நம்மள மனுசனாவே எண்ணாத காலத்துல, சிங்களப் புள்ளைங்களையும் நம்ம புள்ளைங்களையும் ஒரே பாயில ஒக்கார வெச்சவரு. கம்பளைக்கு அந்தாண்ட பாரதெக்கவுல பழைய லயத்தையே தோட்டத்தாளுங்களுக்கு மியூசியமா ஆக்கியிருக்காங்க, அதுவும் அரசாங்கம் செஞ்சது இல்ல. ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்துட்டுப் பேசு. ஆனா அரச சார்பற்றதுன்னு நெஞ்ச நிமுத்தாத. ஒங்களப் பதியவும் கண்காணிக்கவும் 1980-லயே சட்டம் உண்டு, அரசாங்கத்துல செயலகமே உண்டு. 2010-ல அந்தச் செயலகத்தக் கொண்டு போயி பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ வெச்சாங்க. சார்ட் பேப்பருக்கும் மார்க்கருக்கும் அவ்வளவு பயம்.

ஒத்த புத்திமதி சொல்றேன், வேலை நெலைக்கணும்னா கேட்டுக்க. செயலமர்வுல எவனாச்சும் எழும்பி எங்க லயத்துக்குத் தண்ணி எப்ப வரும்னு கேட்டா, 'நல்ல கேள்வி'ன்னு சொல்லி சார்ட்டுல எழுதிச் செவுத்துல ஒட்டிரு. ஒட்டுன கேள்வி அப்பறம் எந்திரிச்சு நடக்காது. யாரு செய்யணும்னு கேட்டா, 'சம்பந்தப்பட்ட தரப்பினர்'னு சொல்லு. அந்தத் தரப்பினர் பேருக்கு என் சர்வீஸ்ல ஒரு கடுதாசி கூட வந்தது இல்ல.

இரு, இரு, எழும்பாத. கடைசிக் கட்டத்துல ஒண்ண விட்டுட்ட. மரணச் சங்கம் எங்க? 'சமூகம் சார் அமைப்பு'ன்னு பொதுவா எழுதிட்டியா. போன வருசம் ஒன்ன மாதிரி ஒரு தம்பி வந்து, ஒங்க சங்கத்துக்கு யாப்பு இருக்கா, பதிவு இருக்கா, தொலைநோக்கு என்னான்னு கேட்டுச்சு. செத்தாப் பொதைக்கிறதுன்னு சொன்னோம். எழுதிக்கிட்டுப் போச்சு.

நம்மகிட்ட இருக்குறது ஒரு எண்பது பக்கக் கொப்பி, அறுபது பிளாஸ்டிக் கதிர, ரெண்டு தறப்பாளு, ஒரு பெரிய கேத்தலு. ஒருத்தர் கண்ண மூடுனா ஒரு பய லயம் லயமா ஓடுவான், அவ்வளவுதான். கதிர வந்துரும், குழி வெட்ட ஆளு வந்துரும், கொப்பியில உள்ள காசு வந்துரும். எந்தச் சங்கத்துக்காரன், எந்தச் சாமிக்காரன்னு கேக்க மாட்டாங்க. கீழ ஊர்லருந்து சிங்களவங்களும் வெள்ளைக் கொடி கட்ட வருவாங்க. அவங்க ஊர்லயும் இதே கொப்பிதான், இதே கேத்தலுதான். முப்பது வருசம் பை சுமந்தேன், இந்த ஒரு சங்கத்துலருந்து எவனுக்கும் ஒரு உறை தூக்குனது இல்ல.

எழுது, எந்தப் பக்கம்னு நீயே யோசிச்சு எழுது. அப்பறம் அந்தக் கொப்பி இப்ப என்கிட்டதான் இருக்கு, நான்தான் பொருளாளரு. ஒன் பேருல மூணு மாசச் சந்தா பாக்கி. கட்டிட்டு பஸ் ஏறு.