இடுப்பளவுக் காதல்

மட்டக்களப்பின் பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஜப்பானிய அனிமேயின் பள்ளிக்கூடக் காதலும் அப்படித்தான்: பன்னிரண்டு அத்தியாயம் நடந்தால் கைகோர்ப்பு வரை போகலாம். (இடையில் வாணவேடிக்கைத் திருவிழா ஒன்று கட்டாயம்.)

'மொன்ஸ்டர்' அனிமேத் தொடரின் கென்சோ தென்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூளை அறுவை மருத்துவரான அவர் காப்பாற்றிய சிறுவனே கொலைகாரனாக வளர, 74 அத்தியாயங்களும் அலைச்சல்தான்.

இப்படிச் சுமை தாங்கும் நாயகனை ரசிப்பது மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. மௌனகுரு எழுதி, 1960களில் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய வடமோடிக் கூத்து 'இராவணேசன்'. அதன் நாயகன் போரையும் பிள்ளை இழப்பையும் சுமந்தவன். சாளரத்தோர வாங்கில் அமர்ந்து பெருமூச்சுவிட அவனுக்கு ஏது நேரம்?

தென்மாவைக் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் ஒப்படைத்தால், மேடையில் நுழைய வரவுத் தாளம் உடனே கிடைக்கும். பள்ளிக்கூட ஜோடிக்குக் கட்டியம் கூறத்தான் ஆளில்லை.