எதுக்கும் இருக்கட்டும்

மணாலியிலிருந்து லே போகிற மலைச்சாலையில் மூச்சுக்காற்றுக்குப் பஞ்சம் என்பார்கள். எங்கள் வண்டியில் அதற்கு முன்பே கால் நீட்டப் பஞ்சம். கூட்டமாகக் கிளம்பும் எந்தப் பயணத்திலும் 'எதுக்கும் இருக்கட்டும்' ஆசாமி ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் சித்தப்பா.

கூடாரம், கம்பளி, ஸ்டவ் என்று பட்டியல் போட்டபோது சமர்த்தாகத் தலையாட்டினார். ஏற்றும்போது பார்த்தால் ஐந்து லிட்டர் குக்கர், புளிக்காய்ச்சல், கொடிக்கயிறு, ஒரு டஜன் டம்ளர், கொசுவர்த்திச் சுருள்.

"பதினாலாயிரம் அடியில கொசு ஏது சித்தப்பா?"

"கெடக்கட்டும்டா. சோறா கேக்குது?"

தாண்டியில் பெட்ரோல் பங்க் பலகை, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்றது. சித்தப்பா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்தப் பலகையை எழுதியவரே அவர்தானோ என்று தோன்றியது.

முதல் ராத்திரி ஜிஸ்பாவில், பாகா ஆற்றங்கரையில். மறுநாள் சர்ச்சுவில் கூடாரம் போட்டோம். உயரம் 4,290 மீட்டர். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அரிசி மட்டும் வேகாது. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் ஒரு மணி நேரமாகப் பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குக்கர் விசில் அடித்ததும் தட்டோடு வந்து நின்றார்கள். புளிக்காய்ச்சலைப் பிசைந்து பிசைந்து போட்டார் சித்தப்பா. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? காலையில் கொடியில் காயப்போட்ட காலுறை கருவாடாக விறைத்துக் கிடந்ததைக்கூட நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கியின் அடியில். அதன் மேல் சித்தப்பாவின் சம்சாரம் முழுவதும். ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரம் பரப்பினோம், கல்யாணச் சீர்வரிசை மாதிரி. மேலே ஏறிவந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, குக்கரையும் டம்ளர்களையும் நோட்டம்விட்டு, "சாய்?" என்றார்.

கடை இல்லை என்று நான் கையை ஆட்டுவதற்குள் சித்தப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டார்.

நாங்கள் டயரை மாட்டி முடிப்பதற்குள் ஐந்து லாரிகள் நின்றுவிட்டன. டம்ளர் பத்தவில்லை என்று சித்தப்பாவுக்கு லே போய்ச் சேரும்வரை மனசே ஆறவில்லை.

"அடுத்த தடவை ரெண்டு டஜனா எடுத்துக்கணும்டா."