ரெட்டை உசுருக்கு எத்தனை கரண்டி?

கேள்வி: நாலு மாதம் முழுகாமல் இருக்கிறேன். “ரெட்டை உசுரு, ரெண்டு பங்கு சாப்பிடு” என்கிறார் மாமியார். “நீ இப்ப சாப்பிடறதை வெச்சுத்தான் புள்ளைக்குப் பின்னாடி சுகர் வரும்” என்று பயமுறுத்துகிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கதிர்காமம், புதுச்சேரி

பதில்: பிள்ளை நாற்பது வயதில் உள்ளே தள்ளப்போகும் பரோட்டாவுக்கும் நானேதான் பொறுப்பா என்று கணவரைக் கேளுங்கள். ஆனாலும் அவர் சொல்வது வெறும் புருடா இல்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் உணவு வரத்தை அடைத்தது. அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை கூடுதலாக ஏறியது.

நம் கதை புனேயில் இருக்கிறது. டாக்டர் யாக்னிக் குழு 1993 முதல் கிராமத்துத் தாய்மாரைப் பின்தொடர்ந்தது. பிறந்தபோது குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. குறைந்தது பெரும்பாலும் தசை. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் பத்திரம். ஒல்லியான குண்டுப் பிள்ளை! தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளின் உடம்பு, ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு அவ்வளவாக மசியவில்லை; சுகருக்கு அதுதான் வாசல். (அதற்காக டாக்டர் தந்த ஃபோலேட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தாயே!)

ஆகவே மாமியாரின் இரண்டாவது கரண்டி சோறு என்றால் தட்டை மூடுங்கள்; பி12 தரும் முட்டை, தயிர், நெத்திலிக் குழம்பு என்றால் நீட்டுங்கள். உங்கள் கதிர்காமத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்க்கரைச் சோதனை பற்றிக் கேளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். மாமியார் அதை நன்னாரி சர்பத் என்று நினைத்து இன்னொரு டம்ளர் ஊற்றிவிடப் போகிறார், பார்த்து!