பார்ட்டிஷன் அண்ணன்

பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டாலும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "சி எத்தற ஜிபி கெடக்கு?" என்பதுதான். செருப்பை நடையில் கழற்றும்போதே கேட்டுவிடுவார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி அவருடையது, மவுஸ் அவருடையது, அன்றைய மத்தியானமும் அவருடையது. தாள் பிரிண்டரின் வாயிலேயே கிடக்கும்.

கேரள எல்லையோரப் பொழியூரில் எந்தத் தெருவில் கம்ப்யூட்டர் இருந்தாலும் அது ஒரு தடவையாவது அவர் கையால் பங்கு வைக்கப்பட்டிருக்கும். பூவார், உச்சக்கடை, பாறசாலை, எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு நீரோடி, கொல்லங்கோடு என்று வாடிக்கை விரிந்து கிடக்கிறது. இரண்டு மாநிலங்களும் ஒத்துப்போகிற விஷயங்கள் கொஞ்சம்தான். எல்லையின் இரு பக்கத்து டிஸ்க்குகளிலும் டி, இ, எஃப் வரிசை மாறாமல் இருப்பது அவற்றில் ஒன்று.

நோய் எதுவானாலும் மருந்து ஒன்றே, ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு போடுவது. சிஸ்டம் மெதுவா? பார்ட்டிஷன். வைரஸா? பார்ட்டிஷன். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா? டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து, நீலப் பட்டையை உற்றுப் பார்த்து, உச்சுக் கொட்டுவார். "கேட்டியளா மாமி, எல்லாத்தையும் ஒரே குழியில தட்டி வச்சா சத்தம் எப்படி வரும்?" மாமிக்கும் அதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே படும்.

அண்ணனின் அப்பா ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், எழுதியவர் என்று சொல்வார்கள். அது மகனுக்குள் இறங்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் அவருக்கு ஒரு விளை. அதை வாரிசுகளுக்குச் சண்டையில்லாமல் பாகம் வைத்துக் கொடுப்பது பிறவிக் கடன். சி விண்டோஸுக்கு. டி-க்குப் பெயர் 'பெர்சனல்'. இ-க்கு 'சாங்ஸ்'. எஃப்-க்கு 'பேக்கப்'. பாட்டே கேட்காத வீட்டுக்கும் 'சாங்ஸ்' உண்டு. 'பெர்சனல்' என்று எழுதியிருப்பதில் எதை வைப்பது என்று புரியாமல் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வருமானவரிக் கணக்கை மட்டும் வைத்திருக்கிறார்.

"கடைக்காரன் அஞ்ஞூறுண்ணு சொல்லி வித்தான். இங்க நானூத்தி அறுபத்தஞ்சுதானே காட்டுது? மிச்சம் எங்க மக்கா?" என்று மாமி கேட்டால் கூசாமல் பதில் வரும். "வரப்புக்குப் போயிருக்கும் மாமி. நாலு பங்குண்ணா வரப்பு வேண்டாமா?"

வரப்பில் ஒரு பைட்கூடப் போகவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபி-யை நூறு கோடி பைட் என்று எண்ணி விற்கிறார்கள். விண்டோஸ் மூன்று 1,024-களை ஒன்றோடொன்று பெருக்கி, 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அளவுகோல் மாறுவதால் 500 என்பது 465 ஆகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதை மாமியிடம் விளக்கிப் பார்த்தவர்கள் உண்டு. மாமி வரப்பையே நம்புகிறார்.

அண்ணனின் ஞானம் பொய்யானதல்ல, பழையது. விண்டோஸ் 95-இன் முதல் பதிப்பில் ஒரு டிரைவ் 2 ஜிபி-க்கு மேல் போக முடியாது. ஃபேட்16 முறையின் எல்லை அது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கியவன் வெட்டித்தான் ஆகவேண்டும். விண்டோஸ் 98 ஓடிய வீடுகளில் அடிக்கடி நீலத்திரை வரும், சி-யை ஃபார்மட் செய்து எல்லாம் முதலிலிருந்து போடவேண்டும். டி-யில் வைத்த படங்கள் தப்பும், சி-யில் வைத்தவை போகும். அண்ணன் தொழில் கற்றது அந்தப் பள்ளிக்கூடத்தில். பவர்குவெஸ்ட் என்ற கம்பெனியின் 'பார்ட்டிஷன் மேஜிக்' மென்பொருள் அன்று அவருக்கு வேதம். 2003-இல் அந்தக் கம்பெனியை சைமன்டெக் வாங்கியது, பிறகு அந்த மென்பொருளே நின்றுபோனது. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து டிரைவைச் சுருக்குவதும் நீட்டுவதும் விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கிறது. ஆனாலும் பார்ட்டிஷன் மேஜிக் சிடி அண்ணனின் பையில் இன்னும் இருக்கிறது. அதைப் போட இடமுள்ள லேப்டாப்தான் ஊரில் அருகிவிட்டது.

சி-க்கு அவர் ஒதுக்கும் பங்கும் அதே காலத்தது. எக்ஸ்பி-க்கு 40 ஜிபி கொடுத்தார், விண்டோஸ் 10-க்கும் அதே 40. விண்டோஸ் 11 குறைந்தது 64 வேண்டும் என்று நின்றபோது, "சவம், தின்னுட்டுப் போட்டு" என்று 70 கொடுத்தார். டெஸ்க்டாப்பில் போடும் படம், டவுன்லோடு, வாட்ஸ்அப் சேர்த்து வைக்கும் குப்பை எல்லாம் சி-க்குள்தான் போய் விழும் என்பது அவர் கணக்கில் இல்லை. சில மாதங்களில் சி-யின் பட்டை சிவப்பாகிவிடும். டி முக்கால்வாசி காலி, இ காலி, எஃப் சுத்தமாகக் காலி.

அப்போது யாரைக் கூப்பிடுவது? அவரைத்தான்.

'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற வரி சாம்பல் பூத்துச் செத்துக் கிடக்கும். சி-யை நீட்ட வேண்டுமானால் அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் யாருக்கும் ஒதுக்காத இடம் வேண்டும் என்பது விண்டோஸின் சட்டம். அண்ணன் எஃப்-ஐ அழிப்பார். இடம் கிடைக்கும், ஆனால் கடைசியில் கிடைக்கும். நடுவே டி-யும் இ-யும் படுத்திருக்கும். அடுத்தவன் விளையைத் தாண்டி நம் வேலியை நகர்த்த முடியாது என்பது ஆதாரம் எழுதியவர் மகனுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் இ-யையும் டி-யையும் அழிப்பார். "டி-யில என்ன இருந்துது?" என்ற கேள்வி எப்போதும் அழித்த பிறகுதான் வரும்.

வேகம் கூடும் என்பது அவருடைய இன்னொரு வாக்கு. சுழலும் தட்டுள்ள பழைய டிஸ்க்கில் வெளிவிளிம்பு வேகமாகப் படிக்கும், முதல் பங்கு அங்கேதான் இருக்கும் என்பதால் அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் சி-யிலிருந்து எஃப்-க்கும் எஃப்-இலிருந்து சி-க்கும் படிக்கும் ஊசி ஓடிக்கொண்டே இருந்தால் கிடைத்த வேகமும் போய்விடும். எஸ்எஸ்டி-யில் தட்டும் கிடையாது, ஊசியும் கிடையாது. அதையும் நாலாகத்தான் வெட்டுகிறார்.

அண்ணனால் பொறுக்க முடியாத ஒன்று, எழுத்துப் பெயர் இல்லாத பார்ட்டிஷன். எல்லையோர வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதே லினக்ஸில்தான், அரசின் கைட் அமைப்பு அதற்கென்றே ஓர் இயங்குதளம் தருகிறது. கொல்லங்கோட்டுச் சித்தி மகனின் லேப்டாப்பானாலும் சரி, பொழியூர்ப் பள்ளிப் பையன் ஆசையாய் வீட்டில் லினக்ஸ் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டரானாலும் சரி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் அந்தப் பகுதி பெயரில்லாமல் நிற்கும். அண்ணன் கண்ணுக்கு அது புறம்போக்கு. "லே மக்கா, இவ்வளவு எடத்தையும் சும்மா போட்டு வச்சிருக்கியே" என்று சொல்லிக்கொண்டே டெலீட் கொடுப்பார்.

மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்', அடுத்த வரியில் 'கிரப் ரெஸ்க்யூ'. கம்ப்யூட்டர் எழுந்ததும் எந்த இயங்குதளத்துக்குப் போவது என்று வழிகாட்டும் கிரப்பின் தலை டிஸ்க்கின் முதல் செக்டரிலும் உடம்பு லினக்ஸ் பகுதியிலும் இருந்தது. உடம்பை அண்ணன் அழித்துவிட்டார். விண்டோஸ் டிவிடி போட்டு முதல் செக்டரைத் திரும்ப எழுதினால் சில நிமிஷங்களில் சரியாகும். அண்ணனின் தீர்ப்பு வேறு. "வைரஸ் கேறியிருக்கு. மொத்தமா ஃபார்மட் பண்ணி நாலா பிரிச்சிரலாம்."

ஏன் எப்போதும் நாலு? இதற்கு அவரிடம் சரித்திரமே உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. "நாலு தாலுகா, நாலு பிரைமரி. செங்கோட்டையில பாதி போச்சுல்லா, அது எக்ஸ்டெண்டட்" என்பார். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் நாலு பிரைமரி வைத்தால் எக்ஸ்டெண்டடுக்கு இடமே கிடையாது, மூன்றும் ஒன்றுமாகத்தான் வைக்க முடியும். இதை எடுத்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் அறிவித்ததும் அதே 1956-இல், செப்டம்பர் மாதம். இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் 5 எம்பி-கூட வராது. அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் அதிலும் 'சாங்ஸ்' ஒன்று போட்டிருப்பார்.

சந்தோஷ் டிராஃபி கால்பந்து ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்த கடற்கரை இது. பார்ட்டிஷன் நகரும் பச்சைக் கோடு பாதிக்கு வந்ததும் அண்ணன் பந்து பார்க்கப் போய்விடுவார். "தன்னால முடியும், தொடாண்டாம்." தொடுவதற்கு ஆளே வேண்டாம், கரண்ட் போனால் போதும். ஒரு பார்ட்டிஷனை நகர்த்துவது என்றால் அதில் உள்ள அத்தனையையும் துண்டு துண்டாக எடுத்து வேறிடத்தில் வைப்பது. பாதியில் நின்றால் பாதி அங்கே, பாதி இங்கே. மழை மாதத்தில் யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைத் தொடங்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் கேட்கவில்லையா?

ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறவர் அவர் ஒருவர்தான். கடல் இளகி வள்ளம் இறங்காத நாட்களில் காசு கேட்கமாட்டார். மற்ற நாட்களில் ஒரு பொதி சாளை கொடுத்தாலும் போதும் என்பார். அழித்ததை மீட்கவும் அவருக்குத் தெரியும். பார்ட்டிஷன் அட்டவணை என்பது பழைய முறையில் வெறும் 64 பைட்தான். டெலீட் கொடுத்தால் போவது பெரும்பாலும் அதிலுள்ள ஒரு வரிதான், மேலே வேறெதையும் எழுதாதவரை சரக்கு உள்ளே கிடக்கும். எஸ்எஸ்டி-யில் இந்த நம்பிக்கை குறைவு. கல்லூரிப் பெண் ஒருத்தியின் புராஜெக்டைத் தானே அழித்துவிட்டு, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை வைத்து விடியவிடிய உட்கார்ந்து தானே மீட்டும் கொடுத்தார். அவள் வீட்டார் அவரைக் கும்பிட்டார்கள். அழித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எஃப் விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. டி-யில் உள்ள கல்யாணப் படங்களை எஃப்-இல் இன்னொரு பிரதி போட்டுவிட்டு, "இனி பயமில்லை, பேக்கப் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். டி-யும் எஃப்-உம் ஒரே டிஸ்க். உள்ளே ஒரே தட்டு, ஒரே மோட்டார். கடலோர உப்புக்காற்று எந்த மின்சாதனத்தையும் நீண்ட நாள் விட்டுவைப்பதில்லை. ஒரு நாள் உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்டால் சி, டி, இ, எஃப் நாலும் ஒன்றாகத்தான் போகும். போயிருக்கிறது. ஒரு வீட்டில் மகளின் கல்யாண வீடியோவும் பேரனின் ஞானஸ்நானப் படங்களும் ஒரே காலையில் போயின. மீட்டுத் தருவதற்குத் திருவனந்தபுரத்தில் கேட்ட தொகை லேப்டாப்பின் விலையைத் தாண்டியது. அவர்கள் அண்ணனைக் குறை சொல்லவில்லை, டிஸ்க்கைத்தான் திட்டினார்கள். குறை அண்ணன் மேல்தான். தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் 'பேக்கப்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்ததுதான் குறை.

ஆகவே அண்ணன் வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். அவர் வருவதற்கு முன்னால் தனியாக ஓர் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் அதில் பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை அண்ணன் கண்ணில் காட்டாதீர்கள். கண்டால் அதையும் நாலாகப் பிரித்துவிடுவார்.