கோழிக்கொண்டைக்கு என்ன குறைச்சல், தாயி?

ஏந்தாயி, ஆயுத பூசைக்குப் பெங்களூர்லருந்து வந்தவ, வந்ததும் வராததுமா செல்போனத் தூக்கிக் காட்டுற. சீமையில காஞ்ச இலையில தோரணம் கட்டிருக்கானாம், நம்ம வாசலுக்கும் அதே வேணுமாம். அவன் ஊர்ல இப்ப இலை கொட்டுது, அள்ளிக் கட்டுறான், பாவம். நமக்கு இலை கொட்டுறது மாசியில. புரட்டாசியில ரெண்டு மழை விழுந்தா சிறுமலையே பச்சை கட்டிருது. நீ காஞ்ச இலைக்கு எங்க போவ?

மல்லிகைப் பந்தல் போடலாமான்னும் கேட்ட. போடு. நிலக்கோட்டை மல்லிக்கு மணத்துல என்ன குறை? ஆனா மழையும் குளிரும் சேந்துட்டா மல்லிச்செடி மொட்டு வைக்க யோசிக்கும். வெலையக் கேட்டதும் உன் வீட்டுக்காரர் மார்க்கெட் வாசல்லயே உக்காந்துருவாரு. தலைக்கு ஒரு முழம் போதும்.

வாசலுக்குச் செவ்வந்தி. பகல் குறைஞ்சாத்தான் அது பூக்கும். ஜப்பான் ராசா முத்திரையிலயே 16 இதழோட அதுதான் இருக்கு. கூடவே செண்டுப்பூ, அதுக்குப் பூர்வீகம் மெக்சிகோ. அங்க நவம்பர் 1, 2 தேதியில செத்தவங்களுக்குப் படையல் போட்டு, அவங்க வழி தெரிஞ்சு வரட்டும்னு செண்டுப்பூவத் தூவி வைப்பாங்க. வெளிநாட்டு ஸ்டைல்தானே கேட்ட? மார்க்கெட்டுல சாக்குல கெடக்கு, மிதிச்சிராத.

பூ மார்க்கெட்டுக்கு வெள்ளனா போ. மேலாப்புல பளபளன்னு இருக்கிறதப் பாத்து மயங்காத. சாக்குக்குள்ள கைய விடு. உள்ள சுட்டா, பூ அவிய ஆரம்பிச்சிருச்சு. மழைக்கு மறுநாள்னா ஒரு கை அள்ளி உதறு. தண்ணி சொட்டுச்சுன்னா மழையவும் எடை போட்டு விக்கிறாங்கன்னு அர்த்தம். கோவிச்சுக்காம, "அண்ணே, தண்ணிக்குத் தனி வெலையா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளு. ஒரு கைப்பிடி கூட விழும்.

கோழிக்கொண்டையப் பாத்தா மட்டும் மூஞ்சியச் சுழிக்கிற. வெல்வெட்டுத் துணிக்கு மீட்டர் கணக்குல காசு கொடுப்ப, அதுவே செடியில மொளைச்சா வேண்டாம்ப. உள்ளங்கையில தட்டிப் பாரு: கறுப்பா, மினுமினுன்னு, கடுகவிடப் பொடிசா விதை கொட்டுனா முத்துன பூ. தள்ளி வச்சுட்டு எளசா எடு. கொட்டுன விதையக் கொல்லையில போடு, அடுத்த வருசம் காசில்லாம பூக்கும். ஊடால வாடாமல்லி, காஞ்சாலும் அந்த ஊதா போகாது. கொடைக்கானல் ஜெர்பரா ரெண்டு சொருகாம உனக்குத் தூக்கம் வராதுன்னா சொருகிக்க. தண்ணியில்லாம சாயங்காலம் அது தலையத் தொங்கப்போட்டா என்னையக் கூப்பிடாத.

வண்டியக் கழுவிப் பொட்டு வச்சாச்சா? செண்டு மாலைய முன்னாடி கட்டு, கண்ணாடிய மட்டும் மறைச்சிராத. போன வருசம் உங்கப்பா அப்படித்தான் கட்டிட்டு, எதுத்தாப்புல நின்ன என்னையப் பாக்கவே இல்லைன்னு சாதிச்சாரு. மாப்பிள்ளையாச்சே, நானும் நம்பிட்டேன்.