வழி தவறுதலும் ஐயம் கொள்ளுதலும்: ஓரியண்டீரிங் ஆடும் மென்பொருள் பொறியாளர் பற்றிய ஓர் ஆய்வு

வரைபடமும் திசைகாட்டியும் தவிர வேறு துணையின்றி, முன்பின் அறியாத காட்டுக்குள் புகுந்து, குறிக்கப்பட்ட இடங்களை வரிசை பிறழாமல் கண்டுபிடித்து, பிறரைவிட விரைவாக ஓடி மீளும் விளையாட்டு ஓரியண்டீரிங் எனப்படும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் படைப்பயிற்சியில் பிறந்த இதில் பொதுமக்களுக்கான முதற்போட்டி 1897 அக்டோபர் 31 அன்று இன்றைய ஆஸ்லோவுக்கு அருகே நடந்ததாகவும், 1919இல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்னும் சுவீடன் நாட்டுப் படை அதிகாரி ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே இருநூறுக்கும் மேற்பட்டோரை ஒரே போட்டியில் ஓடவிட்ட பின்னரே அது வேரூன்றியதாகவும் வரலாறு கூறும். அன்று படைவீரர் மேலதிகாரிக்கு அஞ்சிச் செய்ததை இன்று மென்பொருள் பொறியாளர் நுழைவுக்கட்டணம் கட்டிச் செய்கிறார். வாரம் முழுதும் சம்பளம் வாங்கிக்கொண்டு வழி தவறுகிறவர், வார இறுதியில் பணம் கொடுத்து வழி தவற விழைவது ஏன் என்பதும், இவ்விரண்டையும் ஒருவரே கட்டி மேய்ப்பது எங்ஙனம் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இச்சிக்கல் நேரம் பற்றியது என்பாரே பலர். சுவீடனைப் பொறுத்தவரை அக்கூற்று நில்லாது. அந்நாட்டுச் சட்டம் ஊழியர்க்கு ஆண்டுக்கு 25 நாள் விடுப்பை உறுதிசெய்வதோடு, அதில் நான்கு வாரங்களை ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில் சேர்ந்தாற்போல் எடுக்கவும் வகைசெய்கிறது. ஓ-ரிங்கன் என்னும் ஐந்து நாள் பெரும்போட்டியோ 1965 முதல் கோடையில், பெரும்பாலும் ஜூலையில், நடந்துவருகிறது. அல்லெமான்ஸ்ரேட்டன் எனப்படும் பொது உரிமையின்படி, வீட்டு முற்றத்தையும் விளைநிலத்தையும் விடுத்துப் பிறர் காட்டில் எவரும் நடமாடலாம் என்பதால் இடத்துக்கும் குறைவில்லை. நேரத்தையும் இடத்தையும் அரசே கையில் கொடுத்த பின்னும் ஒருவர் காட்டிலும் அலுவலகத்திலும் ஒருசேரத் தடுமாறுவாராயின், அதற்குக் காரணம் அவர் தமது ஐயத்தைத் தவறான இடத்தில் வைப்பதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதனை விளக்க, அவ்விளையாட்டின் வரைபடத்தைச் சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் 1:10,000 அல்லது 1:15,000 அளவில் வரையப்படும் அதில் வெள்ளை என்பது வெற்றிடத்தைக் குறிப்பதன்று, தடையின்றி ஓடத்தக்க காட்டைக் குறிப்பது; பச்சை அடர அடரப் புதரும் அடரும்; மஞ்சள் திறந்தவெளி, நீலம் நீர், கறுப்பு பாறை, பழுப்பு மேடுபள்ளம். வடக்குக் கோடுகள் காந்த வடக்கை நோக்கியே வரையப்படுவதால் ஓடுகிறவர் திசைகாட்டிக்குத் திருத்தக் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. வரைந்தவர் அக்காட்டைக் காலால் அளந்து, ஆளுயரப் பாறைகளைக்கூடப் புள்ளியிட்டிருப்பார். கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வோரிடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையுமான துணிக்குறி தொங்க, அதனருகே ஓர் எண் இருக்கும். அவ்வெண்கள் 31இலிருந்தே தொடங்கும் என்பதும், 66, 68, 86, 89 போன்றவை தலைகீழாகப் படித்தால் மயக்கம் தரும் ஆதலின் தவிர்க்கப்படும் என்பதும் அத்துறையின் மரபு. ஒரே கோப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதியது’, ‘இதுதான் ஃபைனல்’ என்று பெயர் சூட்டிப் பழகிய தொழிலைச் சேர்ந்த ஒருவர் இவ்வொழுங்கைக் கண்டு நெஞ்சு நெகிழ்வதில் வியப்பில்லை.

எனினும் நெகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிப்பதில்லை. இடப்புறம் சதுப்பும் வலப்புறம் சரிவும் கொண்ட ஒரு பாறையைத் தேடிச் செல்லும் பொறியாளர், கட்டை விரலை வரைபடத்தில் தாம் நிற்கும் இடத்தில் ஊன்றியவாறு ஓடி, அத்தகைய பாறை ஒன்றை அடைந்து, அங்கே துணிக்குறி இல்லாதது கண்டு திகைக்கிறார். உண்மையில் அவர் நிற்பது நூறு மீட்டர் தள்ளி அதே சாயலில் அமைந்த வேறொரு பாறையின் அருகில். ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இம்மயக்கம் இணைப்பிழை எனப்படும். இந்நிலையில் அவர் முதலில் ஐயுறுவது போட்டி நடத்துவோரை, அடுத்து வரைபடம் வரைந்தவரை, அதன்பின் காந்த வடதுருவத்தை; தம்மை ஐயுறுவதற்குள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவரைக் கடந்துபோய்ச் சரியான பாறையருகே உள்ள கருவியில் தன் விரலிலுள்ள மின்னணுச் சில்லைச் செருகி, ‘பீப்’ என்னும் ஒலி கேட்டு, அடுத்த இடத்துக்கு ஓடிவிடுகிறாள். வரைபடத்தில் இருந்தும் நிலத்தில் இல்லாத ஓடையை ‘வற்றியிருக்கும்’ என்றும், வரைபடத்தில் இல்லாத குன்றை ‘இது ஒரு குன்றா’ என்றும் சமாதானம் சொல்லி நிலத்தை வரைபடத்துக்குள் வலிந்து திணிக்கும் கலையில் கற்றவர்க்கே தேர்ச்சி மிகுதி.

அவர்மீது முழுப்பழியும் சுமத்துவது நேர்மையாகாது. அவருடைய தொழிலில் வரைபடத்தின் இடத்தை வகிப்பது ஆவணம், அதாவது நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கும் எழுத்து. நிரல் நாள்தோறும் மாற, ஆவணமோ அதனை எழுதியவர் வேலையை விட்டுப் போன நாளில் நின்றுவிடுகிறது. அதனை நம்பாமையே அலுவலகத்தில் அறிவுடைமை. அந்நம்பாமையை மாற்றுடை போல மூட்டையில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதே கேடு. மறுதலையும் உண்மை: ஓ-ரிங்கனில் ஐந்து நாளும் வரைபடத்தை நம்பி நல்ல இடம் பெற்றுத் திரும்பியவர், அடுத்த திங்கட்கிழமை ஆவணத்தையும் அவ்வாறே நம்பி, மாலைவரை ஒரு கோப்பைத் திருத்தித் திருத்திச் சர்வரில் எந்த மாற்றமும் நிகழாதது கண்டு மனம் வெதும்புவார். அவர் திருத்தியது அதே பெயரில் வேறொரு கோப்புறையில் கிடந்த பழைய படியை. இணைப்பிழை என்பது பாறைக்கு மட்டும் உரியதன்று.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். காட்டிலும் அதே தொல்லைதான் எனில், அவர் கேரம் ஆடி இளைப்பாறலாகாதோ எனின், ஆகாது என்க. வழி தேடுதல் கணினியியலாரின் குலத்தொழில். எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா குறுகிய வழி காணும் தம் முறையை 1956இல் ஆம்ஸ்டர்டாம் காபிக்கடை ஒன்றில் இருபது நிமிடத்தில் வகுத்தவர். இவ்விளையாட்டின் பெயரையே தாங்கிய கணக்கு ஒன்றும் உண்டு: குறித்த நேரத்துக்குள் எந்தெந்த இடங்களைத் தொட்டு மீண்டால் அதிகப் புள்ளி கிட்டும் என்னும் அதனை 1987இல் கோல்டன், லெவி, வோரா ஆகிய மூவர் ‘ஓரியண்டீரிங் சிக்கல்’ என்னும் தலைப்பிலேயே ஆராய்ந்து, இடங்கள் பெருகப் பெருகக் கணினியும் திணறும் வகையைச் சேர்ந்தது அது என்று காட்டினர். கணினி திணறும் கணக்கை முழங்காலளவு சேற்றில் நின்று மூச்சிரைக்கப் போட முயல்வதை இளைப்பாறுதல் என்று கொள்ள உளவியலார் இசையாவிடினும், பொறியாளர் இசைகிறார்.

இரு துறைகளும் உண்மையாகவே மோதுமிடம் ஒன்றே; அது ஆன்-கால் முறை, அதாவது சர்வர் எந்நேரம் படுத்தாலும் எழுந்து கவனிக்கும் கடமை ஊழியரிடையே சுழன்று வரும் ஏற்பாடு. போட்டிக்குள் நுழைந்தவர், நடத்துவோர் அனுமதித்தாலன்றிக் கைப்பேசி எடுத்துச் செல்லலாகாது என்பது பன்னாட்டு விதி. ஃபின்லாந்தில் 1949 முதல் ஜூனில் நடந்துவரும் யுகோலா என்னும் தொடரோட்டம், எழுவர் கொண்ட அணிகளை வழக்கமாகச் சனிக்கிழமை இரவு 11 மணிக்குக் காட்டுக்குள் அனுப்பத் தொடங்கி ஞாயிறு வரை நீள்வது. சர்வர்கள் படுப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் பொழுதும் அதுவே. ஆதலின் யுகோலாவுக்கு அணி அமைப்போர் ஓட்டத் திறத்தையும் இரவுப் பார்வையையும் ஆராயுமுன் ஆன்-கால் அட்டவணையை ஆராய்தல் நலம்.

ஓடி முடித்தவர்க்கு ஒரு சீட்டு அச்சிட்டுத் தரப்படுகிறது. எந்த இரண்டு இடங்களுக்கிடையே எத்தனை நிமிடம், எத்தனை நொடி சென்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் இடையே தாம் இழந்தது நான்கு நிமிடம் பத்து நொடி என்று அதை வைத்து வீடு திரும்பும் வழியெல்லாம் வாதிட்டு நிறுவ வல்ல அதே அறிஞர், மறுநாள் காலைக் கூட்டத்தில், எஞ்சிய வேலை முடிய எவ்வளவு நாளாகும் என்று வினவப்படும்போது, கூரையைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, ‘ஒரு ரெண்டு வாரம் ஆகும்’ என்றே விடையிறுப்பார்.