சிறுநீர்க் குப்பியைத் தொடாதீர்கள்

வேதியியல் படித்துவிட்டு, மருந்து உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று ஆராயும் துறைக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்! கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், அதனால் சிரமமிருக்காது.

1. விழுங்கியதுதான் வேலை செய்கிறது என்று நம்புங்கள். நடுவில் கல்லீரல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். 1886இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கான், ஹெப் என்ற இரு மருத்துவர்கள் நாப்தலீன் என்று நினைத்து, மருந்துக் கடையில் மாறி வந்த அசிட்டனிலைடை நோயாளிக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. உடனே அது சந்தைக்கும் வந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. நீங்கள் என்ன செய்வீர்கள்? 'அளவைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். சபாஷ்.

2. நோயாளியின் சிறுநீர்க் குப்பியைத் தொடாதீர்கள். நாற்றமடிக்கும், கௌரவமும் குறையும். 1940களில் நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் பெர்னார்ட் பிராடி என்ற ஆய்வாளரும் அவரிடம் வேலை பார்த்த ஜூலியஸ் ஆக்சல்ராடும் தொட்டார்கள். அசிட்டனிலைடில் ஒரு சிறு பங்கு அனிலினாகி ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது, நீலம் அதனால்தான் என்று கண்டார்கள். பெரும் பங்கு இன்னொரு பொருளாக மாறுகிறது, வலியைத் தணிப்பது அதுதான் என்றும் கண்டார்கள். 1948இல் கட்டுரை வந்தது. அந்தப் பொருள்தான் பாராசிட்டமால். உங்கள் வீட்டிலும் ஓர் அட்டை கிடக்கும், பாருங்கள்.

3. முன்னோர் ஒதுக்கியதை ஒதுக்கியே வையுங்கள். பாராசிட்டமாலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்தாகிவிட்டது. 1893இல் ஃபோன் மேரிங் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார். இதுவும் ரத்தத்தைக் கெடுக்கிறது என்று தோன்றியதால் ஓரங்கட்டினார். ஐம்பதாண்டு காலம் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அந்த மரபைக் காப்பாற்றுங்கள்.

4. ரத்தத்தில் மருந்தை அளக்காதீர்கள். எத்தனை மில்லிகிராம் விழுங்கினார் என்ற கணக்குப் போதும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிராடி இருந்த குழு மலேரியா மருந்தான அட்டபிரினை ரத்தத்தில் அளந்து பார்த்தது. மருந்து திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று தெரிந்தது. அதனால் முதலில் பெரிய அளவு, பிறகு சிறிய அளவு என்று மாற்றினார்கள். பாவம், எவ்வளவு வேலை!

5. ஆளைப் பட்டத்தால் எடைபோடுங்கள். ஆக்சல்ராட் வந்தால் உள்ளே விடாதீர்கள். மருத்துவக் கல்லூரிகள் இடம் தர மறுத்தவர், பாலில் சேர்க்கும் வைட்டமினைச் சோதித்துப் பிழைத்தவர், அம்மோனியா பாட்டில் வெடித்து ஒரு கண் பார்வையை இழந்தவர், எம்.எஸ்.ஸை மாலை வகுப்பில் படித்தவர். பிஎச்.டி. கிடையாது. அப்படியே விட்டாலும் லேப் அசிஸ்டென்டாகவே வைத்திருங்கள். பதவி உயர்வு கேட்டால் சான்றிதழ் கேளுங்கள். அவர் அதை வாங்கியபோது 1955 ஆகிவிட்டது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

6. பெயர் வரிசையில் நியாயமாக இருங்கள். இதைக் கவனமாகப் படியுங்கள், நம் துறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கல்லீரல் செல்லின் மைக்ரோசோம்களில் மருந்தை உடைக்கும் நொதிகள் இருப்பதைப் பற்றி அதே 1955இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த நொதிகளைத் தேடிப் பிடித்ததில் ஆக்சல்ராடின் கை பெரிது. எழுதியவர்கள் ஏழு பேர். ஆங்கில அகரவரிசைப்படி ஆக்சல்ராடுக்குத்தான் முதலிடம். அச்சில் முதலில் நின்றது பிராடி. அகரவரிசை அவருக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. (பிராடி அசல் மேதை, சந்தேகமில்லை. உங்களிடம் அந்தச் சாக்கு இல்லாவிட்டாலும் முறையைப் பின்பற்றலாம்.)

7. பழைய கதையை மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். அப்போதுதான் அது மறுபடி நடக்கும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையைக் கல்லீரல் சுறுசுறுப்பாக மாற்றிக்கொண்டிருந்தவரை தொல்லையில்லை. கீட்டோகோனசோல் போன்ற மருந்து சேர்ந்து நொதியை அடைத்ததும், மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது. 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. உடம்பு அதை மாற்றித் தந்த ஃபெக்ஸோஃபெனடின் இன்னும் கடையில் இருக்கிறது.

8. நோபல் அறிவிக்கும் நாளில் ஊரில் இருங்கள். 1970இல் மருத்துவத்துக்கான பரிசைப் பெற்ற மூவரில் ஆக்சல்ராட் ஒருவர், பிராடி இல்லை. உங்கள் பழைய லேப் அசிஸ்டென்டின் பெயர் வானொலியில் வந்தால் பதறாதீர்கள். நிருபர்கள் உங்களைத் தேடி வருவார்கள். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, 'நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன்' என்று ஆரம்பியுங்கள்.